கரிப்புகையில் பஸ் ஓட்டிய திருக்குறுங்குடிக்காரர்

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் இருக்கும் நம்மவர்களில் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். வள்ளியூருக்குப் பக்கத்துத் திருக்குறுங்குடியை அவர்களுக்குத் தெரியாமல் இராது. டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்துக்கு உரியவரான டி.வி. சுந்தரம் அய்யங்காரின் ஊர் அது. 'டி' என்பதே திருக்குறுங்குடிதான்.

1877 மார்ச் 22-ல் பிறந்தார். தகப்பனார் சொல்லுக்காக வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை, அப்புறம் பாங்கி. எல்லாவற்றையும் உதறிவிட்டு 1912-ல் மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கினார். (ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இன்னும் அந்தத் துணிச்சல் வரவில்லை!) அவர் பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு.

பின்னாளில் அவரது கம்பெனி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. அந்த நிறுவனத்தின் செவர்லேக்கும் போர்டுக்கும் அன்று கடும் போட்டி. 1929-ல் போர்டு 'ஏ' மாடலுக்கு நான்கு சிலிண்டர், சுமார் 200 கன அங்குலம், 40 குதிரைசக்தி. செவர்லேக்கு ஆறு சிலிண்டர், 194 கன அங்குலம். ஆனால் 46 குதிரைசக்தி. கொள்ளளவு குறைவு, சக்தி அதிகம்! செவர்லேயின் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருந்ததும் இதற்கு ஒரு காரணம். போர்டில் அவை பக்கவாட்டில் இருந்தன. பானெட்டைத் திறந்தால் அடையாளம் எளிது: எஞ்சின் தலையில் நீளமான தகர மூடி இருந்தால் செவர்லே; தட்டையாக இருந்தால் போர்டு. 1932-ல் போர்டு எட்டு சிலிண்டரும் 65 குதிரைசக்தியுமாகப் பதிலடி கொடுத்தது. 1937-ல் செவர்லே 85-க்குப் போயிற்று.

பெட்ரோல் இல்லை

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் ஷெட்டில் முடங்கினால் டிரைவர், கண்டக்டர், கிளீனர் வீட்டு அடுப்பும் அணைய வேண்டியதுதான். அய்யங்கார் கரிவாயுக் கருவி ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

கரிவாயு வண்டிகளின் சூட்சுமம் இதுதான். இரும்புப் பீப்பாயில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் விடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் அதிலேயே ஓடும். காலையில் அடுப்பு மூட்டுவதுபோல் கனல் பிடிக்கக் காத்திருக்க வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். சக்தியும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும். சின்ன எஞ்சின் மேட்டில் திணறும். 85 குதிரையில் பாதி போனாலும் பஸ் நகரும். பெரிய அமெரிக்க எஞ்சின்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

அவர் மகள் டாக்டர் சௌந்தரத்தை 1940-ல் மணந்த ஜி. ராமச்சந்திரன் நமக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரர்.

1955 ஏப்ரல் 28-ல் அய்யங்கார் கோடைக்கானலில் காலமானார். வயது 78. அவரது பஸ்களை 1972-ல் அரசு எடுத்துக்கொண்டு, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது.