அமர்ந்தபடி பணிபுரிந்த மருத்துவர்

முதுகெலும்பு சிறு சிறு எலும்புகளை அடுக்கி அமைத்த தூண் போன்றது. அதன் உள்ளே தண்டுவடம் செல்கிறது. மூளை இடும் கட்டளைகளைக் கை கால்களுக்குக் கொண்டு சேர்ப்பதும், உடல் உணரும் தொடுதலையும் வலியையும் மூளைக்கு அறிவிப்பதும் அதன் பணிகள். முறிந்த எலும்பு சில மாதங்களில் ஒன்றுசேர்ந்துவிடும். ஆனால், தண்டுவடம் அறுபட்டால் அது பழைய நிலையை அடைவதில்லை. அறுபட்ட இடத்திற்குக் கீழே உள்ள உறுப்புகள் அசைவையும் உணர்வையும் இழந்துவிடுகின்றன. இத்தகைய இழப்பைத் தம் உடலிலேயே தாங்கிக்கொண்டு, பல்லாயிரவர் வாழ்வுக்கு வழிகாட்டியவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் சூழ வளர்ந்த அவர், மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் 1940களில் வேலூருக்கு வந்தார். அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்று பட்டம் பெற்றார். தாய்மொழி மலையாளமாயினும், தமிழ் பேசும் மக்கள் நடுவிலேயே அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பிறந்த ஊரைவிட்டு வந்த அவருக்கு வேலூரே மற்றோர் ஊராயிற்று.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேரி உடன் பணியாற்றிய மருத்துவர்களுடன் மகிழ்வுந்தில் வெளியூர் சென்றார். வழியில் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அவருடைய முகத்தில் பெருங்காயம் ஏற்பட்டது. அதனினும் கொடியது முதுகுத்தண்டில் நேர்ந்த காயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கால்கள் அசையவில்லை. இனித் தம்மால் நடக்க இயலாது என்பதை மருத்துவராகிய அவர் அறிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 28.

பல மாதங்கள் அவர் படுக்கையில் கிடந்தார். பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்கவும் இயலவில்லை. உணர்வில்லாத உடல் ஒரே நிலையில் நெடுநேரம் அழுந்திக் கிடந்தால், குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகும். அதைத் தவிர்ப்பதற்கே நாள்தோறும் பெரும் முயற்சி தேவைப்பட்டது. நோயாளிகளுக்கு உதவக் கற்றவர், எல்லாவற்றுக்கும் பிறரை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளானார். மருத்துவப் பணி தம்மைவிட்டுப் போய்விட்டது என்று எண்ணி மனம் சோர்ந்தார்.

அந்நாளில் வேலூரில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். சேலத்தை அடுத்த கொல்லிமலையில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கும் முறையை அவர் உருவாக்கியிருந்தார். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால், உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடும். ஆனால், முன்கையில் உள்ள தசைகள் பல நல்ல நிலையிலேயே இருக்கும். அவற்றுள் ஒன்றன் தசைநாணை எடுத்துத் திசைமாற்றி விரல்களுடன் இணைத்துத் தைத்தால், விரல்களை மீண்டும் நீட்டி மடக்கலாம்.

இத்தகைய கை அறுவையைச் செய்யும் மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கையை ஒரு சிறு மேசைமேல் வைத்து, அருகில் அமர்ந்தபடியே செய்யலாம். இதனை நன்கறிந்த பிராண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே இப்பணியைச் செய்யுமாறு மேரியை ஊக்கினார். கால்கள் செயலிழந்தாலும் மேரியின் கைகளில் திறமை குன்றவில்லை. எனினும், அமர்ந்த நிலையில் உடல் சாயாமல் காத்துக்கொண்டு நுண்ணிய நரம்புகளுக்கு இடையே கத்தியைச் செலுத்துவது எளிதன்று. மேரி பொறுமையுடன் பயின்று தேர்ந்தார். ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளர் பலரின் கைகளை அவர் சீராக்கினார்.

அறுவை முடிந்ததும் நோயாளியின் கைக்குச் சில வாரங்கள் மாவுக்கட்டுப் போடப்படும். கட்டைப் பிரித்தவுடன் கை தானே வேலை செய்துவிடாது. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்றுத்தர வேண்டும். நாள்தோறும் பயிற்சி செய்பவரின் கை உணவை எடுக்கும், எழுதுகோலைப் பிடிக்கும். பயிற்சி இல்லையேல் அறுவையின் பயன் வீணாகும். இவ்வுண்மை மேரியின் சிந்தனையைத் தூண்டியது. எலும்பும் தசையும் சீரானபின் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் போதுமா? அவர் மீண்டும் உழைத்து வாழ வழி செய்வது யார் கடமை? இவ்வினாக்களே அவரை மறுவாழ்வு மருத்துவத்தின்பால் ஈர்த்தன.

மேரி முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க் நகரில் மருத்துவர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகப் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்துப் புகழ்பெற்றவர் ரஸ்க். அந்நாட்டிலேயே தங்கியிருந்தால் மேரியின் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். படியேறத் தேவையில்லாத கட்டடங்களும் வசதிகளும் அங்கு மிகுதி. ஆயினும் அவர் வேலூருக்கே திரும்பினார்.

1963ஆம் ஆண்டு வேலூர் மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுக்கு அது முன்னோடியாக விளங்கியது. மரத்திலிருந்து விழுந்தோரும், கிணற்றில் தவறி விழுந்தோரும், சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தோரும் இவ்வகைச் சிகிச்சையை நாடி வருவோர் ஆவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், புண் வராமல் உடலைக் காத்தல், தாமே உடுத்துதல், கைத்தொழில் கற்றல் ஆகியவை மறுவாழ்வுப் பயிற்சியில் அடங்கும். நோயாளி எழுந்திருக்க முடியாமல் கலங்கிய வேளையில், அவரைக் காண வந்த தலைமை மருத்துவரும் சக்கர நாற்காலியில் வந்தார். அக்காட்சியே பலருக்கு முதல் மருந்தாக அமைந்தது.

இந்திய அரசு 1972ஆம் ஆண்டு மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் வாழ்வாதாரமும் அளிக்கும் அறக்கட்டளை ஒன்று வேலூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விபத்துக்குப்பின் 32 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் அவருடைய கால்கள் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. ஆயினும், அவரால் எழுந்து பணிக்குச் சென்றோர் மிகப் பலர்.

பயிற்சி வினாக்கள்

1. முறிந்த எலும்புக்கும் அறுபட்ட தண்டுவடத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மேரி வர்கீஸ் கை அறுவையைத் தேர்ந்ததற்குக் காரணம் என்ன?
3. அறுவைக்குப் பின் பயிற்சி ஏன் இன்றியமையாதது?
4. உங்கள் பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் வந்தால், எவ்வெவ்விடங்களில் அவருக்குத் தடை ஏற்படும்? பள்ளியைச் சுற்றிப் பார்த்து ஐந்து தொடர்களில் எழுதுக.