பணிந்தவர்களும் மறுத்தவர்களும்: ஸ்டான்லி மில்கிராமின் வாழ்வும் ஆய்வும்

மேலிட ஆணை என்றால் மனிதர் எதையும் செய்வர் என்பதற்குச் சான்றாக ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வு நெடுங்காலமாக எடுத்தாளப்படுகிறது. அவர் வாழ்வையும் ஆய்வையும் ஒருசேர நோக்கினால், அச்சான்று சொல்வது வேறு என்பது விளங்கும்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1933இல் நியூயார்க்கில் பிறந்தவர் மில்கிராம். நாஜி இனப்படுகொலை அவர் சிந்தனையை விட்டு அகலவில்லை. ஆணையை நிறைவேற்றியதாகவே வாதிட்ட ஐக்மன், ஜெருசலேமில் விசாரிக்கப்பட்ட 1961ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார்.

நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம் செய்து, 4 டாலர் ஊதியத்திற்கு ஆட்கள் அழைக்கப்பட்டனர். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்தோறும் மின் அதிர்ச்சியைக் கூட்டுமாறு பணிக்கப்பட்டனர். அதிர்ச்சி பொய், அவ்வறையில் இருந்தவர் ஆய்வுக்குழுவின் ஆள். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர்.

1963இல் முடிவுகள் வெளியாயின. பங்கேற்றவர்களின் கண்ணியம் காக்கப்படவில்லை என்று மறு ஆண்டே டயானா பாம்ரிண்ட் கண்டித்தார். பெரும்பாலோர் பின்னர் மனநிறைவு தெரிவித்ததாக மில்கிராம் விடையளித்தார். பின்னர் வரும் மனநிறைவு முன்னதாகப் பெற வேண்டிய ஒப்புதலுக்கு ஈடாகாது என்பதே நம் நிலைப்பாடு. பலருக்கு முழு உண்மை பல மாதங்கள் கழித்தே தெரிவிக்கப்பட்டது என்பதை யேல் ஆவணங்களை ஆராய்ந்த ஜீனா பெரி வெளிக்கொணர்ந்தார். வகுத்த வரம்பை மீறி ஆய்வாளர் வற்புறுத்தியதும், வலி உண்மை என நம்பியோரிடையே மறுப்பு மிகுந்திருந்ததும் அவர் ஆய்வில் தெரியவந்தன.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாத மில்கிராம், 1967இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1974இல் ஆய்வை நூலாக்கினார். 1984இல், 51 வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

அவர் நடத்திய மாற்றுச் சோதனைகள் அரிதாகவே பேசப்படுகின்றன. உடனிருந்த இருவர் மறுத்து விலகியபோது, 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர். ஆய்வாளர் இருவர் முரண்பட்ட ஆணைகளை இட்டபோது ஒருவரும் முழுமையாகப் பணியவில்லை. பணிவு மனித இயல்பு என்று கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இவ்வாய்வு இடந்தரவில்லை. முதல் சோதனையிலேயே 14 பேர், துணை எவருமின்றித் தனியராக மறுத்தனர். துணை கிடைத்தபோது மறுப்பே பெரும்பான்மையானது. ஆணையிடுவோர் உடன்மறுப்போரைப் பிரித்துவைப்பது ஏன் என்பதை நாம் இங்கிருந்தே புரிந்துகொள்ள வேண்டும்.