நண்பரின் காரிலிருந்து வந்த பிரேக்: யார் இந்த மைக் ஹாத்தோர்ன்?

காரை 'மோடிஃபை' செய்ய ஆசைப்படும் இளையர்கள் பலருக்கு முதலில் கண்ணில் படுவது சிவப்பு கேலிப்பர்தான். ரிம்முக்குள் பளிச்சென்று தெரியும். கூடவே ஸ்டீல் வலை சுற்றிய பிரேக் லைன்.

கம்பெனி கொடுத்த பிரேக்கைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் தயாரித்ததைப் பொருத்துவது புதுப் பழக்கம் இல்லை. 1958ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 உலக வெற்றியாளர் அதைச் செய்திருக்கிறார். அதுவும் ஃபெராரி காரில்!

அவர்தான் மைக் ஹாத்தோர்ன். பிரிட்டனின் முதல் ஃபார்முலா 1 உலக வெற்றியாளர். 29 வயதுவரைதான் வாழ்ந்தார்.

கராஜில் வளர்ந்த பையன்

1929 ஏப்ரல் 10ஆம் தேதி இங்கிலாந்தின் யார்க்‌ஷர் வட்டாரத்தில், மெக்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தார். அப்பா லெஸ்லி ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய ஓட்டுநர். பின்னர் ஃபார்ன்ஹம் நகரில் கார் கராஜ் நடத்தினார். மகனுக்குப் பந்தய ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

உயரமானவர், பொன்னிற முடி. கழுத்தில் 'போ டை' கட்டிக்கொண்டே பந்தயம் ஓட்டுவார். அதனால் பிரெஞ்சு ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் வண்ணத்துப்பூச்சி.

1952இல் சின்ன கூப்பர் காரில் ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஃபெராரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1953 ஜூலையில் பிரான்ஸின் ரேம்ஸ் தடத்தில், அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓட்டுநரான ஃபாஞ்சியோவுடன் சக்கரத்துக்குச் சக்கரம் மோதி, சுமார் ஒரு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 24.

சிறுநீரகக் கோளாறு அவரை விடாமல் துரத்தியது. 1954இல் அப்பாவும் சாலை விபத்தில் இறந்துபோனார்.

டிரம்மா, டிஸ்க்கா?

இங்கே கொஞ்சம் நின்று பிரேக்கைப் பார்த்துவிடலாம். இது புரியாவிட்டால் அவருடைய கதையும் புரியாது.

அன்றைய கார்கள் பெரும்பாலும் டிரம் பிரேக்கில் ஓடின. சக்கரத்தோடு சுற்றும் உலோகக் கிண்ணம் ஒன்று. அதற்குள்ளே இருக்கும் 'ஷூ' வெளிப்பக்கமாக அழுத்தி வண்டியை நிறுத்தும். ஆனால் சூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடானால் கிண்ணம் விரியும், அதாவது ஷூவைவிட்டு விலகிப் போகும். பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிரேக் போட்டால் ஒரு கட்டத்தில் வண்டி நிற்கவே யோசிக்கும்.

டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுற்றுகிறது. கேலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பக்கமும் 'பேட்' வைத்துப் பிடிக்கிறது. சூடு சீக்கிரம் வெளியேறும். தட்டு சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

பிரிட்டனின் ஜாகுவாரும் டன்லப்பும் சேர்ந்து இதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தன. 1953இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார், 24 மணிநேர லெ மான்ஸ் பந்தயத்தை வென்றது.

1955, லெ மான்ஸ்

இரண்டு ஆண்டு கழித்து அதே லெ மான்ஸில் ஜாகுவார் டி-டைப் காரை ஓட்டினார் ஹாத்தோர்ன். ஜூன் 11, மாலை. எரிபொருள் நிரப்ப உள்ளே வரச் சொல்லி அவருடைய குழு சைகை காட்டியது.

அப்போதுதான் அவர் லான்ஸ் மக்லின் ஓட்டிய ஆஸ்டின்-ஹீலி காரை முந்தியிருந்தார். உடனே வலப்பக்கம் ஒதுங்கி பிரேக்கை அழுத்தினார். முன்னால் திடீரென வேகம் குறைந்த காரைத் தவிர்க்க மக்லின் இடப்பக்கம் வளைந்தார். பின்னால் மிக வேகமாக வந்துகொண்டிருந்தது பியேர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ். அது மக்லினின் கார்மீது ஏறிப் பறந்தது. எஞ்சினும் மற்ற பாகங்களும் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் சேர்த்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கார்ப் பந்தய வரலாற்றில் அதைவிட மோசமான விபத்து இன்றுவரை இல்லை.

மெர்சிடிஸில் இருந்தது டிரம் பிரேக். அதோடு, காற்றைத் தடுக்க காரின் பின்னால் எழும்பும் ஒரு பெரிய தகடு. ஜாகுவாரில் டிஸ்க். ஒரே தடத்தில், வெவ்வேறு தூரத்தில் நிற்கக்கூடிய கார்கள் ஓடின என்பதுதான் விஷயம். முன்னால் போகிறவரின் பிரேக் அபாரமாக இருக்கலாம். பின்னால் வருகிறவருக்கு அதனால் என்ன பயன்?

இதில் இன்னொன்று. அவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் ஹாத்தோர்ன் தம் குழுவின் இடத்தைத் தாண்டித்தான் நின்றார். இன்னொரு சுற்று போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. மெர்சிடிஸ் நள்ளிரவுக்குப் பிறகு விலகிக்கொண்டது. ஜாகுவார் தொடர்ந்தது, ஹாத்தோர்னும் ஐவர் பியூபும் வென்றனர். விசாரணையில் எந்த ஓட்டுநர்மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை. தடத்தின் அமைப்பே பழையது, அந்த வேகத்துக்கு ஏற்றதல்ல என்று தெரியவந்தது. ஆனால் மக்லினின் மனக்கசப்பு தீரவில்லை. ஹாத்தோர்ன் தம் புத்தகத்தில் எழுதிய விதம் பிடிக்காமல் அவர்மீது அவதூறு வழக்கே போட்டார்.

என்னைக் கேட்டால், ஹாத்தோர்னைக் குற்றவாளியாக்குவதும் தவறு, அவருக்கு அதில் பங்கே இல்லை என்பதும் தவறு.

கழற்றிப் பொருத்திய பிரேக்

1958. மீண்டும் ஃபெராரி. எஞ்சின் பிரமாதம். ஆனால் பிரேக்? இன்னமும் டிரம். போட்டிக் குழுவான வான்வாலிடம் டிஸ்க் இருந்தது. பழகிய வழியைவிட்டு மாற என்ஸோ ஃபெராரி அவசரப்படவில்லை.

ஹாத்தோர்னின் நெருங்கிய நண்பர் பீட்டர் காலின்ஸ். அவரும் ஃபெராரி ஓட்டுநர்தான். தம் சொந்த ஃபெராரி 250 ஜிடி காரில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டன்லப் டிஸ்க் பிரேக் போட்டிருந்தார். சாலையில் ஓட்டும் கார். இன்று ஒர்க்‌ஷாப்பில் நடக்கிற அதே வேலை!

ஆகஸ்ட் 3ஆம் தேதி ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்தில் காலின்ஸின் கார் தடம்விட்டு விலகியது. பின்னால் வந்த ஹாத்தோர்ன் அதைக் கண்ணால் பார்த்தார். காலின்ஸ் அன்றே உயிரிழந்தார்.

அதன்பிறகு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று ஹாத்தோர்ன் பிடிவாதமாக நின்றார். காலின்ஸின் காரில் இருந்த டன்லப் பிரேக்குகள் கழற்றப்பட்டு ஹாத்தோர்னின் பந்தயக் காருக்குப் போயின. செப்டம்பர் 7ஆம் தேதி இத்தாலியின் மொன்சா தடத்தில் அந்தப் பிரேக்கோடு ஓட்டினார். முன்னணியில் இருந்தவரைக் கடைசியில் கிளட்ச் கோளாறு பின்தள்ளியது. இரண்டாம் இடம்.

அக்டோபரில் மொரோக்கோவில் கடைசிப் பந்தயம். அங்கேயும் இரண்டாம் இடம்தான், ஆனால் பட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. ஹாத்தோர்னுக்கு 42 புள்ளி, ஸ்டெர்லிங் மாஸுக்கு 41. அந்த ஆண்டு மாஸ் வென்றது 4 பந்தயம், ஹாத்தோர்ன் ஒன்றே ஒன்று. அதோடு, போர்ச்சுகலில் ஹாத்தோர்னைத் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தபோது, அவருக்காக வந்து பேசியதே மாஸ்தான். அப்படியும் ஒரு போட்டியாளர்!

பட்டம் கிடைத்த கையோடு ஹாத்தோர்ன் ஓய்வை அறிவித்தார்.

அப்படியென்றால் நம் காருக்கு?

காலின்ஸின் மாற்றம் பெரிய பாய்ச்சல். டிரம்மிலிருந்து டிஸ்க். இன்றைய கார்களில் டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. ஒரே ஒரு அவசர பிரேக்கில் வண்டி எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் டயர்தான் முடிவுசெய்கிறது. பெரிய தட்டும் கேலிப்பரும் உதவுவது திரும்பத் திரும்ப பிரேக் போட்டு சூடேறும்போது: மலைப்பாதை, பந்தயத் தடம்.

ஸ்டீல் வலை லைன், ரப்பர் குழாய் மாதிரி அழுத்தத்தில் புடைக்காது. பெடல் கெட்டியாகத் தெரியும். அவ்ளோதான். கேலிப்பரின் பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த அதிக எண்ணெய் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஒத்துவராவிட்டால் பெடல் கீழே போகும். முன்பக்கம் மட்டும் பலமானால் முன், பின் சமநிலையும் கெடும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும்; பழசானால் சீக்கிரம் கொதிக்கும். சிவப்பு கேலிப்பருக்குக் காசு சேர்க்கும் முன்னால் எண்ணெயையும் டயரையும் பாருங்க. சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியையும் மலேசியாவில் ஜேபிஜே விதியையும் சரிபார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

ஜனவரி 22

ஓய்வு நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1959 ஜனவரி 22. கில்ஃபர்ட் நகருக்கு அருகே ஏ3 சாலை. மழையில் நனைந்து கிடந்தது, பலத்த காற்று வேறு. ஹாத்தோர்ன் தம் ஜாகுவார் 3.4இல் போய்க்கொண்டிருந்தார். பந்தயத்துக்காக மெருகேற்றிய கார் அது. வழியில், பந்தயக் குழு உரிமையாளர் ராப் வாக்கர் தம் மெர்சிடிஸில் போவதைப் பார்த்தார். முந்தினார்.

அடுத்த கணம் ஜாகுவார் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த லாரியில் உரசி, மரத்தில் மோதியது. ஹாத்தோர்ன் அங்கேயே மாண்டார். அது விபத்து என்று விசாரணை தீர்ப்பளித்தது. மக்லினின் வழக்கும் அத்தோடு நின்றுபோனது.

அதே 1959இல் ஃபெராரி தன் ஃபார்முலா 1 கார்களை டிஸ்க் பிரேக்குடன் களமிறக்கியது.