அவை அஞ்சிய மாணவர்

வள்ளுவப் பெருந்தகை அவை அஞ்சாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கற்றவை நெஞ்சில் நிறைந்திருந்தும் அவையில் நா எழாது நிற்கும் மாணவச் செல்வங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நல்ல மதிப்பெண் பெற்றவர்களே நேர்முகத் தேர்வு என்றதும் வியர்த்து நிற்கின்றனர். அவர்களைக் காணும்போதெல்லாம் அண்ணல் காந்தியடிகளே நம் நினைவுக்கு வருகிறார்.

1869இல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் ஏட்டுக் கல்வியிலும் முன்னணியில் நின்றவர் அல்லர். 1887இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றவை நூற்றுக்கு 40 என்ற அளவிலேயே இருந்தன. பவநகர் சாமல்தாஸ் கல்லூரியில் விரிவுரைகளைப் பின்பற்ற இயலாமல் ஒரு பருவத்தோடு வீடு திரும்பினார். பள்ளி நாட்களிலோ, மணி அடித்ததும் எவரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவரோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடியவர் அவர்.

1888 செப்டம்பரில் சட்டம் பயில இலண்டனுக்குக் கப்பலேறினார். நாகரிகக் கனவானாக மாறவேண்டும் என்னும் ஆசை அங்கே அவரைப் பற்றியது. நடன வகுப்புக்கு 3 பவுன் கட்டினார். தாளத்துக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. வயலின் ஒன்று வாங்கினார். பேச்சுக்கலை கற்பிக்க ஓர் ஆசிரியரையும் நாடினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் இம்மயக்கம் தெளிந்தது. வயலினை விற்றுவிட ஏற்பாடு செய்தார். ஆளுமைப் பயிற்சி என்ற பெயரில் நடை, உடைகளை மட்டுமே கற்பிப்போர் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் பார்க்கலாம்.

மயக்கம் தெளிந்தபின் செலவைக் காசுக் கணக்கோடு எழுதலானார். 1890 சனவரியில் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் இலத்தீன் மொழியில் தோற்று, சூன் மாதம் மீண்டும் எழுதி வென்றார். ரோமானியச் சட்டத்தை மொழிபெயர்ப்பின்றி இலத்தீனிலேயே படித்தார். 1891 சூன் 10ஆம் நாள் பாரிஸ்டரானார். ஆயினும் நா மட்டும் எழவில்லை. மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினராக இருந்தும் வாய் திறவார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக் கொண்டுபோக, வேறொருவர் படித்தார்.

பம்பாய் திரும்பிப் பெற்ற முதல் வழக்குக்குக் கட்டணம் 30 ரூபாய். சிறுவழக்கு மன்றத்தில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுழன்றது, கேள்வி ஒன்றும் பிறக்கவில்லை. அமர்ந்துவிட்டு, வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி வெளியேறினார். பட்டமும் சட்ட அறிவும் இருந்தும் குரல் இல்லை.

1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியாவில் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் இல்லத்தில் கூட்டம் கூடியது. வந்தோருள் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வணிகத்தில் வாய்மையைப் பற்றி அங்கே பேசினார். தம் வாழ்வின் முதற் சொற்பொழிவாக அவர் கருதியது இதுவே. பழகிய மக்களிடையே, தாம் உறுதியாக நம்பிய பொருளைப் பேசியதே நாவின் கட்டை அவிழ்த்தது என்பது நம் கருத்து. ஆங்கிலம் கற்க விரும்பிய நாவிதர், எழுத்தர், சிறுகடைக்காரர் ஆகிய மூவருக்கு அவர்கள் இடத்துக்கே சென்று பாடமும் சொன்னார்.

அவ்வழக்கின் பொருட்டுக் கணக்கியலும் கற்றார். பின்னர் இரு தரப்பாரையும் நடுவர் தீர்ப்புக்கு இசையவைத்தார். தம் கட்சியே வென்றது. தோற்ற தையிப் சேட் 37,000 பவுனும் செலவும் ஒரே தடவையில் கட்டினால் நொடித்துப்போவார். தவணை முறையில் பெற்றுக்கொள்ளுமாறு தாதா அப்துல்லாவை இணங்கவைக்கத்தான் அவர் அதிகம் பாடுபட நேர்ந்தது.

கூச்சம் ஒரே நாளில் அகன்றுவிடவில்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பெருங்கூட்டத்தில் குரல் எடுபடாமல் போக, அவர் எழுதிவந்த உரையை வாச்சா படித்தார். அடுத்த மாதம் 26ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை எடுத்துரைத்தார். அவர்களுள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். கூட்டம் முடிந்ததும் அவர் எழுதிய பச்சை அட்டைச் சிறுநூலை வாங்க மக்கள் முண்டியடித்தனர். படிகள் போதாமல் மறுபதிப்பு அச்சிட நேர்ந்தது.