முஸ்லிம் பெண் கல்விக்குப் பள்ளி தந்த ஹோபர்ட் அம்மையார்

சென்னை இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் பெயரில் உள்ள ‘ஹோபர்ட்’ யார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதராஸ் கவர்னர் ஹோபர்ட் பிரபுவின் மனைவி மேரி கேத்தரின் அம்மையார் நன்கொடை அளித்து உருவாக்கிய பள்ளி அது.

அம்மையார், பம்பாயின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் தாமஸ் காரின் மகள். 1853-ல் ஹோபர்டை மணந்தார். கணவர் 1861-ல் உதுமானியப் பேரரசின் நிதிநிலையை ஆராய இஸ்தான்பூலுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் உதுமானிய வங்கியிலும் உயர்பொறுப்பு வகித்தார். எனவே, 1872-ல் கவர்னராக மதராஸ் வந்தபோது முஸ்லிம்கள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லர்.

அன்று அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் மிகக் குறைவு. கல்வி ஏற்பாடுகள் இந்து மாணவர்களை மனதில் வைத்தே அமைந்தன. அதனால் முஸ்லிம்கள் பின்தங்கினர் என்பதை 1872 ஜூலையில் ஹோபர்டின் அரசே ஒப்புக்கொண்டது. முஸ்லிம்களுக்கெனத் தொடக்கப் பள்ளிகள் திறக்கவும் வழி செய்தது.

ஆனால் கோஷா முறையில் வாழ்ந்த குடும்பங்களின் பெண் பிள்ளைகள் வீட்டில் குர்ஆன் ஓதுவதோடு நின்றார்கள். எழுத்தும் கணக்கும் அவர்களுக்கு எட்டவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அம்மையாரின் பள்ளி எழுந்தது. கவர்னர் மாளிகை விருந்துகளோடு அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1875 ஏப்ரல் 27 அன்று ஹோபர்ட் பிரபு டைபாய்டு காய்ச்சலால் மதராஸிலேயே இறந்தார். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அம்மையார், கணவரின் எழுத்துகளைத் தொகுத்து வாழ்க்கைக் குறிப்புடன் 1885-ல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கவர்னர் பதவி மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. பள்ளியோ நூறாண்டுகளையும் தாண்டி நிற்கிறது.

அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் செய்த நன்மைக்கு நன்றி பாராட்டுவது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பண்பு.

நம் கரையோரத்தில் கீழக்கரை தாஸீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் காரங்காடு, தொண்டி பக்கத்து ஊர்களில் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஒரு நிக்காஹ் விருந்துக்கு நாம் செலவிடும் தொகையில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அடங்கிவிடும். யாரோ ஒரு கவர்னரின் மனைவி நம் வீட்டுப் பெண்களுக்காகக் கொடுத்தார். நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுக்கப்போகிறோம்?