டாக்டர் மேரி வர்கீஸ்: உட்கார்ந்தபடியே வைத்தியம் பார்த்தவர்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் எல்லாரையும் மற்ற அக்காமார் முந்திக்கிட்டாங்க. நான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவை எடுத்துக்கிட்டேன். நம்ம குழுக்களில் என்னையும் சேர்த்து மாற்றுத்திறனாளிப் பெண்கள் பல பேர் இருக்கோம். அதனால் இந்தக் கதை நமக்குத் தேவைன்னு பட்டது.

மேரி அம்மா 1925இல் கொச்சியில் பிறந்தாங்க. டாக்டர் படிப்புக்காக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தாங்க. ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பெண்களுக்குன்னே 1918இல் அங்கே மருத்துவப் பள்ளியும் ஆரம்பிச்சாங்க. படிப்பை முடிச்சு, அதே ஆஸ்பத்திரியில் மேரி அம்மா வேலையிலும் சேர்ந்தாச்சு.

1954 ஜனவரி 30. கூட வேலை பார்க்கிறவங்களோடு வேனில் வெளியூர் போனப்போ விபத்து. முகத்தில் பெரிய காயம், முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போச்சு. அப்போ வயசு 28.

முதுகுத்தண்டில் அடின்னா என்னன்னு ராஜபாளையம் பக்கம் உள்ளவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை மரத்தில் இருந்து விழுந்தவங்க, கிணற்று வேலையில் விழுந்தவங்க நம்ம ஊர்களில் உண்டு. உணர்வு இல்லாததால் ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுப் படுக்கைப் புண் வரும், சிறுநீரில் சீழ் பிடிக்கும். அந்தக் காலத்தில் பல பேர் இறந்தது அடியால் இல்லை, இந்தப் புண்ணாலும் சீழாலும்தான். வீட்டு ஆட்களுக்கு எப்படிப் பார்த்துக்கிறதுன்னு சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது.

மேரி அம்மாவும் நிறைய நாள் படுக்கையில் கிடந்தாங்க. இனி என்ன டாக்டர் வேலைன்னு எல்லாரும் நினைச்ச நேரத்தில், அங்கேயிருந்த டாக்டர் பால் பிராண்ட் வேற மாதிரி யோசிச்சார். தொழுநோயில் விரல் மடங்கிப் போனவங்களின் கையைச் சரிசெய்கிற ஆபரேஷனில் அவர் பேர் போனவர். நல்லா இருக்கிற தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைப்பார். கை ஆபரேஷனுக்கு டாக்டர் நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கையை மேசையில் நீட்டி வச்சால், உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி அம்மா சக்கர நாற்காலியில் இருந்தே அந்த ஆபரேஷனைக் கத்துக்கிட்டுச் செய்ய ஆரம்பிச்சாங்க. கை கூம்பிப் போய்ச் சோத்தைப் பிசைய முடியாமல் வந்தவங்க, கால் நடக்காத டாக்டரிடம் கையைக் கொடுத்தாங்க. எத்தனையோ டாக்டர் சொல்ல முடியாத தைரியத்தை அந்த நாற்காலியே அவங்களுக்குச் சொல்லியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்ச் சிகிச்சையும் பயிற்சியும் எடுத்தாங்க. அடுத்து அமெரிக்காவில் நியூயார்க் போய், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சாங்க. திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்று, 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கினாங்க. நோயாளிகள் தங்கியிருந்தே பயிற்சி எடுக்கிற அந்த மாதிரி நிலையத்துக்கு நம்ம நாட்டில் அதுதான் முன்னோடி. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொடுப்பது, தானே குளிப்பது, ஏதாவது ஒரு தொழில். இதெல்லாம் கேட்க சின்ன விஷயம், குடும்பத்துக்கு உயிர். 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986 டிசம்பரில் காலமானாங்க. இன்னைக்கு அந்த நிலையம் அவங்க பேரில்தான் நடக்குது.

அவங்க வாழ்ந்த காலம் முழுக்க மாற்றுத்திறனாளிக்குன்னு இந்த நாட்டில் முழுமையான உரிமைச் சட்டம் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல மனசுக்காரங்க பக்கத்தில் அமைஞ்சாங்க, மேரி அம்மாவுக்கு இடம் கொடுத்தாங்க. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தறியில் வேலை கேட்டுப் போகிற நம்ம தங்கச்சிக்கு அப்படி யார் அமைவாங்க? அமையலைன்னா அவள் வீட்டிலேயே இருக்கணுமா? இதற்குத்தான் சட்டம் வேணும். அவங்க இறந்து 9 வருஷம் கழிச்சு, 1995இல் முதல் சட்டம் வந்தது. இப்போ நடப்பில் இருப்பது 2016ஆம் வருஷத்துச் சட்டம். முன்பு 7 வகைக் குறைபாடுதான் கணக்கு, இப்போ 21. தொழுநோயில் இருந்து குணமானவங்களும், முதுகுத்தண்டு அடியில் நடக்க முடியாமல் போனவங்களும் இதில் வருவாங்க. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்தில் இருந்து 4 ஆச்சு. பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதை வைப்பது தயவு இல்லை, கடமை. நாலு பேர் முன்னாடி வேணும்னே இழிவாகப் பேசினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. நொண்டி, செவிடுன்னு கூப்பிட்டுப் பழகினவங்க இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க.

2025இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கவும் சட்டம் வந்திருக்கு.

சட்டம் ஊருக்கு வந்து சேர நேரம் ஆகும். குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட ஒரு வங்கிக்குப் போனேன். பேர் வேண்டாம். மாடியில் இருந்தது. காலிப்பரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். அடுத்த தவணைக்கு எங்க ஊக்குநர் அக்கா மேனேஜரிடம் பேசி, பேரேட்டையே கீழே கொண்டுவர வச்சாங்க. அன்னைக்குத்தான் தெரிஞ்சது, கேட்டால் நடக்கும்னு. நம்ம குழுக்களே எத்தனை பேரை வேண்டாம்னு சொல்லியிருக்கோம் என்பதும் இருக்கு. பால்கோவா அடுப்பில் நின்னு கிண்ட முடியாதுன்னு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தியைச் சேர்க்காமல் விட்டாங்க. உட்கார்ந்து பொட்டலம் கட்டலாம், கணக்கு எழுதலாம்னு யாருக்கும் தோணலை. பிறகு வேற குழு சேர்த்துக்கிட்டது, இப்போ அந்தக் குழுவின் கணக்கு நோட்டு அவகிட்ட.

அடையாள அட்டை இல்லாதவங்க முதலில் அதை வாங்குங்க. எதற்கும் அதுதான் ஆதாரம். விருதுநகர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கணும். ஆதார், போட்டோ எடுத்து வச்சுக்கங்க. தனியாகப் போகத் தயக்கம்னா அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் சொல்லுங்க, ராஜபாளையத்தில் இருந்து ஒரே பஸ்ஸில் சேர்ந்து போவோம். நானும் வர்றேன்.