சங்கத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழக்கறிஞர்: சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பேசும்போது தர்குட் மார்ஷலின் பெயரை நாம் நினைவுகூர்கிறோம். அவருடைய ஆசிரியரான சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், கல்வி உரிமைக்காக மட்டுமன்றி வேலை உரிமைக்காகவும் வழக்காடியவர் என்பதை அரிதாகவே பேசுகிறோம்.

1895இல் வாஷிங்டனில் ஒரு கறுப்பின வழக்கறிஞரின் மகனாக ஹூஸ்டன் பிறந்தார். முதல் உலகப் போரில் படை அதிகாரியாக இருந்தபோது தம் இனத்தார்மீது வெள்ளையர் காட்டிய வெறுப்பே அவரைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது. ஹார்வர்டில் பயின்ற அவர், 1929 முதல் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை வழிநடத்தி, உரிமை வழக்குகளுக்கென்றே ஒரு தலைமுறையை உருவாக்கினார்.

அவருடைய வேலை வழக்குகளில் தலையாயது, பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்னும் இரயில் எஞ்சின் ஃபயர்மேனுக்காக நடத்தியது. அலபாமாவில் கரியள்ளி உலையில் போடும் அந்தக் கடும்பணியில் கறுப்பர் பெருமளவில் இருந்தனர். இயந்திரங்கள் வந்து பணி எளிதானபோது வெள்ளையர் அதன்மீது கண்வைத்தனர். பெரும்பான்மையினரின் சங்கமே அனைவருக்கும் பிரதிநிதி என்றது இரயில்வே தொழிலாளர் சட்டம். அந்தச் சங்கமோ கறுப்பரை உறுப்பினராகவே சேர்ப்பதில்லை. எந்தப் பிரிவிலும் கறுப்பர் பாதிக்கு மேல் இருத்தலாகாது என்று 1941இல் அது நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பணிமூப்பு இருந்தும் ஸ்டீல் தம் இடத்தை இழந்தார். பதினாறு நாள் வேலையின்றி இருந்து, பின்பு கடினமான, ஊதியம் குறைந்த பணிக்குத் தள்ளப்பட்டார்.

அலபாமா உச்ச நீதிமன்றம் கைவிட்ட இவ்வழக்கை ஹூஸ்டன் வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றார். அனைவர் சார்பிலும் பேசும் அதிகாரத்தைச் சட்டத்திடமிருந்து பெற்ற சங்கம், அனைவருக்கும் கடமைப்பட்டது என்பதே அவருடைய வாதத்தின் உயிர்நாடி. 1944 டிசம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை என்னும் கோட்பாடு இவ்வாறு பிறந்தது. ஆயினும் கறுப்பரை உறுப்பினராகச் சேர்க்குமாறு அத்தீர்ப்பு சங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு அப்போதும் இருக்கை இல்லை.

அரசின் நியாயமான வேலைவாய்ப்புக் குழுவிலும் ஹூஸ்டன் உறுப்பினராக இருந்தார். வாஷிங்டனில் பேருந்தும் டிராமும் ஓட்டும் பணியைக் கறுப்பருக்கு மறுத்த நிறுவனத்தின்மீது ஆணை பிறப்பிக்க முயன்ற குழுவைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தடுத்தபோது, 1945 டிசம்பரில் பதவி விலகினார். ஓயாத உழைப்பால் இதயம் நலிந்து, 1950 ஏப்ரலில் 54ஆம் வயதில் மறைந்தார். 1954ஆம் ஆண்டின் வெற்றியை அவர் காணவில்லை.

பம்பாய் ஆலைகளில் கூடுதல் ஊதியம் தரும் நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு அடைக்கப்பட்டிருந்ததையும், தொழிற்சங்கங்கள் அதைப் பொறுத்துக்கொண்டதையும் அண்ணல் அம்பேத்கர் 1920களின் இறுதியில் வன்மையாகக் கண்டித்தார். தொழிலாளர் ஒற்றுமை என்னும் சொல்லுக்குள் யாருடைய வேலை பலியிடப்படுகிறது என்று இருவரும் இரு கண்டங்களில் கேட்டனர். நம் பணியிடங்களிலும் சங்கங்களிலும் அக்கேள்வியைத் தொடர்ந்து எழுப்புவதே ஹூஸ்டனுக்கு நாம் செலுத்தும் மரியாதை.